'முடியாது' என்றவன், சொல்லாமலே இருந்தவள்... 'பிரிட்ஜர்டன்' ஜோடிகளில் யாரை நம்பலாம்?

நீங்கள் காதலிக்கும் ஒருவர் உங்களிடம் பெரிய விஷயம் ஒன்றை மறைத்திருக்கிறார். அது ஒருநாள் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முதல் கேள்வியாக என்ன கேட்பீர்கள்? ''ஏன் மறைச்சே?'' என்றுதானே? பதிலும் அநேகமாக நமக்குத் தெரிந்ததுதான். ''சொன்னா நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு.''

கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 'உண்மை தெரிந்தால் நீ வேறு முடிவு எடுத்திருப்பாய், அந்த முடிவை எடுக்க உன்னை விடக்கூடாது என்று நான் நினைத்தேன்' என்பதுதான் அதன் அர்த்தம்.

நெட்ஃப்ளிக்ஸின் 'பிரிட்ஜர்டன்' தொடர் இந்த ஒரு விஷயத்தைத்தான் சீசனுக்கு சீசன் சுற்றிச் சுற்றி வருகிறது. 1813-ல் தொடங்கும் லண்டன் மேட்டுக்குடிக் கதை, பளபள கவுன்கள், பால்ரூம் நடனம், குதிரை வண்டி ரொமான்ஸ் என்று கலர்ஃபுல்லாக இருந்தாலும், ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் ஒரு ரகசியம் உட்கார்ந்திருக்கிறது. யார் எதை மறைத்தார்கள், அது எப்படித் தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று நான்கு ஜோடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நம்பிக்கை எந்த இடத்தில் உடைகிறது என்பது பளிச்சென்று புரியும்.

(ஸ்பாய்லர் அலெர்ட்: முதல் மூன்று சீசன்களும் 'குயின் சார்லோட்' தொடரும் இன்னும் பார்க்காதவர்கள், பார்த்துவிட்டு வாங்க!)

அப்போ ஒரு பொய்யோட விலை என்ன?

ஜோடிகளுக்குப் போகும் முன் ஒரு சின்ன பின்னணி. இன்றைக்கு ஒருவர் ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொண்டால், கஷ்டமோ நஷ்டமோ, வெளியே வர ஒரு வழி இருக்கிறது. இந்தக் கதை நடக்கும் காலத்து இங்கிலாந்தில் அது கிட்டத்தட்ட கிடையாது. முழுமையான விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அதற்கான பணமும் செல்வாக்கும் ஒரு சிலருக்குத்தான் இருந்தது. நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்கும் வசதி 1857-ல்தான் வந்தது. கல்யாணமானதும் மனைவியின் பணமும் நகையும் பொதுவாகக் கணவனுடையதாகிவிடும். சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை மனைவிக்கு முழுமையாகக் கிடைத்தது 1882-ல்.

போதாக்குறைக்கு, ஒரு பெண் ஓர் ஆணோடு தோட்டத்தில் தனியாக நின்றதை யாராவது பார்த்துவிட்டாலே அவள் மானம் போச்சு. அவளுடைய தங்கைகளின் கல்யாண வாய்ப்பும் சேர்ந்து போகும். அதனால் ஒருவரையொருவர் நிதானமாகப் பேசித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. தெரியாமல் கட்டிக்கொண்டால் வெளியே வரவும் வழியில்லை. அப்படிப்பட்ட உலகத்தில் கல்யாணத்துக்கு முன் சொல்லும் ஒரு பொய், எதிரில் இருப்பவரின் முழு ஆயுளையும் தீர்மானித்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் ஜோடிக்கு வாங்க.

சைமன் - டாஃப்னி: 'முடியாது'க்கும் 'மாட்டேன்'க்கும் நடுவில்

2020 கிறிஸ்துமஸுக்கு வெளியான முதல் சீசனின் ஜோடி. இவர்கள் உறவே ஒரு நாடகத்தில்தான் ஆரம்பிக்கிறது. டாஃப்னிக்கு நல்ல வரன்கள் தேடி வர வேண்டும். ஹேஸ்டிங்ஸ் பிரபு சைமனுக்கு, பெண்ணைக் கொடுக்கத் துரத்தும் அம்மாக்களிடமிருந்து தப்பிக்க வேண்டும். இருவரும் காதலிப்பதுபோல ஊருக்கு நடிக்க ஒப்பந்தம் போடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கே பொய் சொன்ன அந்த நாள்களில்தான் இவர்கள் ஒருவருக்கொருவர் ரொம்ப உண்மையாக இருக்கிறார்கள். நடனத்துக்கு நடுவே மனதில் பட்டதைப் பேசுகிறார்கள், கிண்டலடிக்கிறார்கள், பயங்களைப் பகிர்கிறார்கள். நிஜமாகவே கல்யாணம் என்று வந்ததும்தான் பொய் உள்ளே நுழைகிறது.

பெரிய குடும்பம் வேண்டும் என்பது டாஃப்னியின் கனவு. சைமன் அவளிடம், தன்னால் குழந்தை கொடுக்க முடியாது என்கிறான். அவள் அதை உடல் ரீதியான குறை என்று புரிந்துகொண்டு, 'பரவாயில்லை, இவன் போதும்' என்று தன் கனவை விட்டுக்கொடுத்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். உண்மை வேறு. சின்ன வயதில் திக்குவாய் காரணமாகத் தன்னை ஒதுக்கிய அப்பாவைப் பழிவாங்க, வம்சத்தைத் தன்னோடு முடித்துவிடுவதாக, அந்த அப்பாவின் மரணப் படுக்கையில் சைமன் சபதம் செய்திருக்கிறான். அவன் சொல்ல வேண்டிய வார்த்தை 'மாட்டேன்'. சொன்னது 'முடியாது'.

ஒரே ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம். 'முடியாது' என்றால் டாஃப்னி இரக்கப்படுவாள். 'மாட்டேன்' என்றால் காரணம் கேட்பாள், வாதாடுவாள், 'அப்போ வேண்டாம்' என்றுகூட சொல்லலாம். அந்தக் கேள்விகளுக்கான வாசலைத்தான் சைமன் அடைத்துவிட்டான். குழந்தை எப்படி உருவாகிறது என்பதையே வீட்டில் யாரும் டாஃப்னிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பணிப்பெண் ரோஸிடம் கேட்டுத்தான் உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். அதாவது, அவளுடைய அறியாமையின் நிழலில்தான் அவன் பொய் அத்தனை நாள் தங்கியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் சைமன் வில்லன், டாஃப்னி பாவம் என்று சுலபமாகத் தீர்ப்பு சொல்லிவிடலாம். ஆனால் ஆறாவது எபிசோடில் டாஃப்னி ஒன்று செய்கிறாள். உண்மை தெரிந்த பிறகு, நேருக்கு நேர் கேட்பதற்குப் பதிலாக, தாம்பத்தியத்தின்போது அவன் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல், அவனுடைய சம்மதத்தை மீறுகிறாள். தொடர் வந்தபோது கடுமையாக விமர்சிக்கப்பட்ட காட்சி இது. மூலமான ஜூலியா க்வின்னின் 2000-ம் ஆண்டு நாவலில், இந்தச் சம்பவம் சைமன் போதையில் இருக்கும்போது நடக்கும்.

இந்த இடத்தை நாம் தாண்டிப் போய்விடக்கூடாது. ஒருவர் நம்மிடம் பொய் சொன்னார் என்பதற்காக, அவர் உடம்பின் மீது நமக்கு உரிமை வந்துவிடாது. ஆண் என்றாலும் பெண் என்றாலும், கல்யாணம் ஆனவர்கள் என்றாலும் இதுதான் கணக்கு. அவன் அவளுடைய தேர்வைப் பறித்தான். பதிலுக்கு அவள் அவனுடையதைப் பறித்தாள். 'நீ செஞ்சதுக்கு நான் செஞ்சது சரியாப் போச்சு' என்று கணக்கு நேராவதில்லை. இப்போது நம்ப முடியாதவர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான்.

சைமன் சிறுவயதில் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களை டாஃப்னி படித்த பிறகுதான் பூட்டு திறக்கிறது. 'என்னை ஏமாற்றியவன்' என்ற ஒரு கோணத்திலிருந்து 'எதற்காக இப்படி ஆனான்' என்ற இன்னொரு கோணத்துக்கு அவள் வருகிறாள். மழையில் நனைந்தபடி இருவரும் பேசும் கடைசி எபிசோடு, அவர்கள் எப்போதோ பேசியிருக்க வேண்டிய பேச்சு.

ஜார்ஜ் - சார்லோட்: சுவரும் கட்டிலும்

2023-ல் வந்த 'குயின் சார்லோட்' ஆறே எபிசோடுகள். நிஜ வரலாற்றை எடுத்துக்கொண்டு கற்பனையால் பின்னிய கதை. நிஜத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜும் ஜெர்மனியிலிருந்து வந்த சார்லோட்டும் 1761 செப்டம்பர் 8 அன்றுதான் முதல் முறை சந்தித்தார்கள். அன்று இரவே கல்யாணம். 15 குழந்தைகள். மன்னரின் மனநோய் பெரிதாக வெளிப்பட்டது 1788-ல். தொடரோ அந்த நோயைக் கல்யாணத்துக்கு முன்பே கொண்டுவந்து வைக்கிறது.

முதல் எபிசோடில், கல்யாணத்திலிருந்து தப்பிக்கத் தோட்டத்துச் சுவர் ஏறப் பார்க்கிறாள் சார்லோட். அங்கே வரும் இளைஞனிடம் தூக்கிவிடச் சொல்கிறாள். அவன்தான் ராஜா! கோபப்படாமல், கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு செய் என்று சொல்லிவிட்டுப் போகிறான் ஜார்ஜ். எல்லோருக்கும் பிடித்த காட்சி. 'என்ன ஒரு ஜென்டில்மேன்' என்று நாமும் உருகிவிடுவோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தேர்வு செய்யும் உரிமையைக் கொடுத்தான். தேர்வு செய்யத் தேவையான தகவலைக் கொடுக்கவில்லை. தன் மனம் அவ்வப்போது கட்டுப்பாட்டை இழக்கும் என்பது அவனுக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும், அரண்மனைக்குத் தெரியும். சார்லோட்டுக்கு மட்டும் தெரியாது. 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு முக்கியமான பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்த மாதிரி.

கல்யாணமானதும் அவளைத் தனி மாளிகையில் விட்டுவிட்டு ஜார்ஜ் கியூவில் போய் ஒதுங்கிக்கொள்கிறான். அவளைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. அவளுக்கோ, 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்ற எண்ணம். மறைத்தல் செய்யும் இன்னொரு கெடுதல் இது. காரணம் தெரியாதபோது, மனது தானே ஒரு காரணத்தைத் தயாரித்துக்கொள்ளும். அநேகமாக அந்தக் காரணம் 'என்கிட்டதான் ஏதோ குறை' என்பதாகவே இருக்கும்.

ஓர் இரவு தோட்டத்தில், ஆடையில்லாமல் வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஜார்ஜைப் பார்க்கிறாள். டாஃப்னியைப் போலவே சார்லோட்டும் தானாகக் கண்டுபிடித்தவள்தான், யாரும் சொல்லவில்லை. கோபமும் வருகிறது. ஆனால் அதற்குப் பிறகு அவள் எடுத்த பாதை வேறு. சிகிச்சை என்ற பெயரில் மருத்துவர் மன்ரோ ஜார்ஜுக்கு நடத்தும் சித்ரவதையை நேரில் போய் நிறுத்துகிறாள். தனக்குத் தெரிந்துபோன ரகசியத்தை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தாமல், அவனோடு நிற்கப் பயன்படுத்துகிறாள்.

இரண்டு ஜோடிக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். மறைத்த விதத்தில் சைமனுக்கும் ஜார்ஜுக்கும் ரொம்பத் தூரமில்லை. தெரிந்த பிறகு டாஃப்னி அதை ஆயுதமாக எடுத்தாள், சார்லோட் அதைப் பாலமாக்கினாள். கடைசியில் வயதான ராணி, மனம் கலங்கிய கணவரிடம் ஒரு நல்ல செய்தி சொல்ல, கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொள்வார். கண் கலங்காதவர்கள் கை தூக்குங்கள்!

அதற்காக 'நோயை மறைத்தாலும் பரவாயில்லை, நல்ல மனைவி அனுசரிச்சுப் போவா' என்று யாராவது பாடம் எடுத்தால் ஏற்காதீர்கள். நம் ஊரிலும் மனநலப் பிரச்னையை மறைத்து, 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. சார்லோட் அன்பால் நின்றது அவளுடைய பெருந்தன்மை. முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவளுடைய உரிமையாக இருந்தது.

ஆண்டனி - கேட்: ரெண்டு பேருக்கு நடுவில் மூணாவது ஆள்

2022-ல் வந்த இரண்டாவது சீசன் நமக்கு ஸ்பெஷல். கேட் ஷர்மாவாக சிமோன் ஆஷ்லி, தங்கை எட்வினாவாக சரித்ரா சந்திரன். இருவருமே தமிழ் வேர்கள் கொண்ட பிரிட்டிஷ் நடிகைகள். 'அப்பா' என்ற நம் சொல் லண்டன் பிரபுக்கள் நடுவே ஒலித்ததைக் கேட்டு சிலிர்த்தவர்கள் பலர்.

ஆண்டனியும் கேட்டும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லத் தெரியாதவர்கள். பார்த்த முதல் நாளிலிருந்து முகத்துக்கு நேரே சண்டைதான். 'எனக்கு உன்னைப் பிடிக்கலை' என்பதைக்கூட நேர்மையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பிரச்னை, இவர்கள் பொய் சொல்வது மூன்றாவது ஆளான எட்வினாவிடம். அவளைத்தான் ஆண்டனி மணக்கப்போகிறான்.

கேட் இரண்டு விஷயங்களை மறைக்கிறாள். ஒன்று, எட்வினா ஓர் ஆங்கிலேயப் பிரபுவை மணந்தால்தான் தாத்தா பாட்டியிடமிருந்து பணம் வரும் என்ற நிபந்தனை. இரண்டு, ஆண்டனி மீது தனக்கு வந்துவிட்ட காதல். இரண்டையும் தங்கையின் நன்மைக்காகவே மறைப்பதாக மனதார நம்புகிறாள். 'உனக்காக நான் எவ்வளவு தியாகம் செய்கிறேன் தெரியுமா' என்ற அந்த அக்கா மனசு நம் வீடுகளிலும் இருக்கிறதே.

கல்யாண மேடையில் கேட்டின் வளையல் கழன்று விழுகிறது. ஆண்டனி குனிந்து எடுக்கிறான். இருவரும் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் எட்வினாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அவளுடைய கோபத்தைக் கவனியுங்கள். அக்கா காதலித்தாள் என்பதைவிட, தன்னை இன்னும் குழந்தையாக நினைத்துத் தனக்காக எல்லாவற்றையும் அக்காவே முடிவு செய்துவிட்டாள் என்பதுதான் அவளை அதிகம் சுடுகிறது.

தியாகம் என்ற பெயரில் மறைத்தாலும், மறைக்கப்பட்டவருக்கு அது ஏமாற்றம்தான். ஜோடிக்குள் நேர்மை இருந்தால் மட்டும் போதாது. அந்த ஜோடியால் பாதிக்கப்படும் மூன்றாவது ஆளுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

காலின் - பெனலோப்பி: இன்னிக்குச் சொல்லிடுவேன், நாளைக்குச் சொல்லிடுவேன்

2024-ல் இரண்டு பகுதிகளாக வந்த மூன்றாவது சீசன். ஊரையே கலக்கும் கிசுகிசு பத்திரிகை எழுத்தாளர் 'லேடி விசில்டவுன்' யார் என்று எல்லோரும் தேட, அது நம் அமைதிப் பெண் பெனலோப்பிதான். சின்ன வயதிலிருந்தே காலின் மீது அவளுக்குக் காதல்.

இங்கே இருபக்கமும் கறை உண்டு. நேரில் உற்ற தோழனாகப் பழகும் காலின், நண்பர்கள் முன்னால், பெனலோப்பியைக் காதலிப்பதை நினைத்தே பார்க்க மாட்டேன் என்று சிரித்தபடி சொன்னவன். அதை அவள் காதால் கேட்டிருக்கிறாள். அவள் பக்கம் இன்னும் கனம். முதல் சீசனில் காலின் மணக்கவிருந்த மரீனா கர்ப்பமாக இருப்பதை மறைத்தபோது, அதைப் பத்திரிகையில் போட்டு உடைத்தவளே பெனலோப்பிதான். மரீனா அவனிடம் மறைத்தது தப்பு என்று ஊருக்குச் சொன்னவள், அதே ஆளிடம் தன் ரகசியத்தை மறைக்கிறாள்!

உண்மை தெரிந்த தோழி எலோயிஸ், காலினிடம் சொல்லிவிடு என்று கெடு வைக்கிறாள். பெனலோப்பிக்கு வாய்ப்பு கிடைக்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம். 'இப்போ அவன் சந்தோஷமா இருக்கான், கெடுக்க வேணாம்.' இந்தத் தள்ளிப்போடல் நமக்குத் தெரியாததா என்ன? கடைசியில் அச்சகத்திலிருந்து அவள் வெளியே வரும்போது காலின் நேரில் பார்த்துவிடுகிறான்.

அதன் பிறகு காலின் கல்யாணத்தை நிறுத்தவில்லை. ஆனால் மனதளவில் விலகிவிடுகிறான். கிரெசிடா பணம் கேட்டு மிரட்டும்போது, அவனே போய்ச் சரிசெய்யப் பார்த்து இன்னும் சொதப்புகிறான். அப்போதுதான் பெனலோப்பி அந்த முடிவை எடுக்கிறாள். ராணி உட்பட எல்லோரும் கூடியிருக்கும் நடன விருந்தில், நான்தான் லேடி விசில்டவுன் என்று தானே எழுந்து சொல்கிறாள்.

இந்த நான்கு கதைகளிலும் மாட்டிக்கொண்ட பிறகும் மிச்சமிருந்த உண்மையைத் தன் வாயால், தன் பெயரில், நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று ஊரறியச் சொன்னவள் இவள் ஒருத்திதான். காலினின் மனம் மாறுவதும் அப்போதுதான். ஒரு மிரட்டல்காரிக்குப் பயந்து வாழும் வாழ்க்கையைவிட அது எவ்வளவோ லேசு என்பது அவள் முகத்திலேயே தெரியும்.

அப்போ எல்லாத்தையும் சொல்லிடணுமா?

தேவையில்லை. அதே மூன்றாவது சீசனில் வரும் ஃப்ரான்செஸ்காவும் ஜானும் அதிகம் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். அருகருகே சும்மா உட்கார்ந்திருப்பதிலேயே நிம்மதி. அந்த மௌனத்துக்குள் எதுவும் ஒளித்துவைக்கப்படவில்லை. அமைதியாக இருப்பது வேறு, மறைப்பது வேறு.

உங்கள் டைரி, நண்பர்கள் உங்களை நம்பிச் சொன்ன விஷயங்கள், போன் பாஸ்வேர்டு - இவை உங்கள் பிரைவசி. 'என்னை நம்பினா போனைக் கொடு' என்பது நம்பிக்கைக்கு வைக்கும் டெஸ்ட் இல்லை, கண்காணிப்பு. ஆனால் குழந்தை வேண்டாம் என்ற முடிவு, தொடர்ந்து சிகிச்சை எடுக்கும் நோய், கழுத்தை நெரிக்கும் கடன், இன்னும் முடியாத பழைய உறவு - இவை உங்களோடு வாழப்போகிறவரின் வாழ்க்கையையும் மாற்றும். அதனால் அவை உங்கள் ரகசியம் மட்டும் கிடையாது.

சொல்வதா வேண்டாமா என்று குழம்பினால், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது தெரிந்தால் அவர் வேறு முடிவு எடுக்க வாய்ப்பிருக்கிறதா? இருந்தால், தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

2. இதை என்னிடமிருந்து தெரிந்துகொள்வாரா, வேறு எங்கிருந்தோ தெரிந்துகொள்வாரா? நான்கு கதைகளிலும் உண்மை முதலில் வெளிவந்தது வேறு வழியாகத்தான். அப்படி வரும்போது விஷயத்தின் வலியோடு, 'நீ சொல்லலையே' என்ற வலியும் சேர்ந்துகொள்ளும்.

3. நான் பாதுகாப்பது அவரையா, என்னையா? 'அவ தாங்கமாட்டா' என்று நாம் சொல்லும்போது, பல நேரம் தாங்கமாட்டாதது நாம்தான்.

நீங்கள் மறுபக்கத்தில், அதாவது ஏமாற்றப்பட்ட இடத்தில் நின்றால், கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலகிப் போகவும் உரிமை உண்டு. 1813 லண்டன் பெண்களுக்கு இல்லாத வசதி அது. இருந்து பேசுவது என்று முடிவெடுத்தால் நேராகப் பேசுங்கள். பழிவாங்குவதற்காக அவருடைய போனை நோண்டுவது, ரகசியத்தை ஃபேமிலி குரூப்பில் போடுவது, படுக்கையில் எல்லை மீறுவது... எதுவும் போன நம்பிக்கையைத் திருப்பித் தராது.

சொல்ல வேண்டிய விஷயம் ஏதாவது உங்களிடம் பாக்கி இருந்தால், 'சரியான நேரம்' வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெனலோப்பிக்கும் அது வரவே இல்லை. மெசேஜில் டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து கொண்டிருக்க வேண்டாம். ஒரு டீ சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்பது அவருடைய முடிவு. அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.